கருத்தா எங்கே? இயற்கைச் சாயப் பட்டும் பெயர் விடுபட்ட கைகளும்

புனே நகரின் கண்காட்சிக் கூடங்களிலும் கைவினை விற்பனை அரங்குகளிலும் பட்டுத் துணிகளோடு தொங்கும் சிறு அட்டைகளில் ஒரே வகையான வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. "இயற்கைச் சாயமேற்றப்பட்ட பட்டில் கையால் நெய்யப்பட்ட கலைத்துணி" என்பது அதன் தமிழ் வடிவமாக இருக்கும். கீழே வடிவமைப்பாளரின் பெயர். அதற்கும் கீழே மஞ்சிட்டி, அவுரி, மாதுளை ஓடு, கடுக்காய் என்று செடிகளின் பெயர்கள். பட்டு எந்த வகை என்பதும் சில அட்டைகளில் உண்டு. செடிக்குப் பெயர் இருக்கிறது, புழுவுக்குப் பெயர் இருக்கிறது, வரைந்தவருக்குப் பெயர் இருக்கிறது. சாயமிட்டவருக்கும் நெய்தவருக்கும் இல்லை.

மூன்றாம் வேற்றுமை உருபாகிய 'ஆல்' கருவிப்பொருளிலும் வரும், கருத்தாப்பொருளிலும் வரும் என்பது பள்ளி இலக்கணம். 'வாளால் வெட்டினான்' என்பதில் வாள் கருவி. 'தச்சனால் செய்யப்பட்டது' என்பதில் தச்சன் கருத்தா. மேற்கண்ட அட்டையில் 'கையால்' என்பது கருவி. அந்தக் கைக்கு உரியவரைச் சொல்ல வேண்டிய மற்றோர் 'ஆல்' அந்த வாக்கியத்தில் வரவே இல்லை. செயப்பாட்டு வினை கருத்தாவை விட்டுவிட இடம் கொடுக்கிறது. அந்த இடத்தைச் சந்தையும் அருங்காட்சியகமும் ஆய்வுலகமும் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. எவரும் சதிசெய்து நிகழ்த்திய மறைப்பாக இது இல்லாமலிருக்கலாம். ஆயினும் இதன் பயன் யாருக்குப் போகிறது, இழப்பு யாருக்கு நேர்கிறது என்று கேட்டாக வேண்டும்.

முதலில் இழப்பின் அளவு. 2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் சுமார் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது. இவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருவாயில் வாழ்வதாக அதே கணக்கெடுப்பு சொல்கிறது. அதன் வகைப்பாடு இன்னும் கவனத்துக்குரியது. தொழிலாளர்கள் 'நெசவாளர்', 'துணைத் தொழிலாளர்' என்று இரண்டாகப் பிரிக்கப்படுகிறார்கள். நூல் சுற்றுவோர், பாவு ஓட்டுவோர், கஞ்சியிடுவோர், சாயமிடுவோர் அனைவரும் இரண்டாம் வகைக்குள் அடங்குகிறார்கள். அந்த வகையில் 8.48 லட்சம் பேர். எந்தத் துணி தன் சாயத்தைக் காட்டியே பல மடங்கு விலைக்கு விற்கப்படுகிறதோ, அந்தத் துணியின் சாயக்காரர் அரசின் ஏட்டில் 'துணை'. விற்பனை அட்டையில் அந்தத் துணை என்ற சொல்லும் கிடையாது.

'இயற்கை' என்ற சொல்லே இந்த மறைப்பின் முதற் கருவி. இயற்கைச் சாயம் என்றதும் பூ தானாகவே பட்டில் நிறத்தை இறக்கிவிட்டது போன்ற ஒரு மயக்கம் உண்டாகிறது. நடப்பது வேறு. கச்சாப் பட்டு இழையின் மேல் செரிசின் என்னும் பசை படர்ந்திருக்கிறது. அதைச் சவர்க்காரத்திலோ காரநீரிலோ வேகவைத்து நீக்கும்போது எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்குவரை குறையும். குறைவாக நீக்கினால் சாயம் சீராக ஏறாது. அளவு மீறினால் இழையின் பளபளப்பும் உறுதியும் போகும். பிறகு படிகாரம் ஊட்ட வேண்டும். மஞ்சிட்டி வேரின் நீரைக் கொதிக்கவிட்டால் சிவப்பு பழுப்பை நோக்கி நகர்ந்துவிடும். மிதமான சூட்டிலேயே நெடுநேரம் நிறுத்த வேண்டும். அந்த நீரில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்பதைப் பொறுத்தும் நிறம் மாறும். அரக்குச் சாயத்துக்குப் புளியின் அமிலம் துணை. இரும்பு நிறத்தை ஆழமாக்கும், ஆனால் காலப்போக்கில் பட்டை அரிக்கும். அவுரித் தொட்டி காரமுடையது. காரம் பட்டுக்கு ஆகாது. ஆகையால் குறுகிய நேரம் முக்கி, எடுத்து, காற்றில் நீலம் விரிய விட்டு, மீண்டும் முக்க வேண்டும். தொட்டி பதமாயிற்றா என்பதை நுரையும் மணமும் மேற்பரப்பின் பளபளப்புமே சொல்லும். இத்தனை முடிவுகளையும் எடுப்பது ஒரு மனித அறிவு. இதற்கு 'இயற்கை' என்று பெயரிடுவது, சங்கீதத்தைக் காற்றின் அதிர்வு என்று மட்டும் சொல்லி முடிப்பதற்கு ஒப்பாகும்.

சாயத் தொட்டியோடு இந்த அறிவு முடிந்துவிடுவதில்லை. ஒரே செடியில் தோய்த்த இரண்டு சிட்டங்கள் ஒரே நிறத்தில் அமைவதில்லை. இதை அறிந்த நெசவாளர் இரண்டு சிட்டத்து நூலை மாறி மாறி ஊடையாகச் செலுத்தி, துணியில் பட்டை பட்டையாகத் தெரியாதபடி வேறுபாட்டைக் கரைக்கிறார். பைதனிப் புடவையின் முந்தானையில் ஒவ்வொரு நிறப்பகுதிக்கும் தனித்தனி ஊடை நூல். அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றோடொன்று கொக்கி போலப் பிணைந்து திரும்புவதால் முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. வேலைப்பாடு கூடக்கூட ஒரு புடவைக்குப் பல மாதங்கள் ஆகும். காஞ்சிபுரத்துக் கோர்வைத் தறியில் உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நாடாக்கள். மூன்றாம் நாடாவை எறிவதற்குத் தறியின் பக்கத்தில் ஓர் உதவியாளர் அமர வேண்டும். அந்த உதவியாளரின் பெயர் எந்தப் பட்டியலிலாவது உண்டா?

இயற்கைச் சாயத்தின் ஆதரவாளர் சிலர் இன்னொரு வாதத்தைப் பெருமையோடு முன்வைக்கின்றனர்: பழைய சாயம் தூய்மை, புதிய சாயம் மேலைநாட்டு நஞ்சு. இதிலும் வரலாறு மழுங்கடிக்கப்படுகிறது. மஞ்சிட்டி இனத்து வேர்களில் சிவப்பைத் தரும் அலிசரினை 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபவும் லீபர்மனும் ஆய்வகத்தில் உருவாக்கினர். வேரில் இருப்பதும் ஆய்வகத்தில் பிறந்ததும் ஒரே மூலக்கூறு. மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் விரைவாக வெளுக்கும். குரோமியம் போன்ற உலோக உப்புகளை நிறமேற்றியாகப் பயன்படுத்தினால் 'இயற்கை' தொட்டியின் கழிவும் நஞ்சுதான். இவ்வாறு சொல்வது செயற்கைச் சாயத்துக்கு வக்காலத்து ஆகாது. நொய்யல் ஆற்றைத் திருப்பூர்ச் சாயக் கழிவு என்ன செய்தது என்பதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டதும் தமிழ் வாசகர் அறிந்தவை. அந்த ஆற்று நீரைக் கொண்டு பயிரிட்ட உழவரும், அந்தப் பட்டறைகளில் வெறுங்கையோடு நின்றவர்களும் பட்ட துன்பம் பொய்யன்று. ஆனால் நஞ்சா தூய்மையா என்ற ஒற்றை வினாவோடு விவாதத்தை நிறுத்தினால், தொட்டியருகே நிற்பவர் இரண்டு பக்கத்திலும் காணாமற் போகிறார். செயற்கைச் சாயத்தின் கதையில் அவர் பாதிக்கப்பட்ட உடல் மட்டும். இயற்கைச் சாயத்தின் கதையில் அவர் பயன்படுத்தப்பட்ட கை மட்டும். அறிவுடையவராக எதிலும் இடம்பெறுவதில்லை.

இந்த மறைவு எப்போது தொடங்கியது என்பதற்கு ஆவணமே சான்று. 1896இல் பம்பாய் மாகாணத்தின் சாயங்களையும் சாயத்தொழிலையும் பற்றி ஃபாசெட் என்னும் ஆங்கில அதிகாரி ஒரு தனிநூல் எழுதினார். அதே ஆண்டில் சென்னை மாகாணத்துக்கு ஹோல்டர் அதே பொருளில் எழுதினார். பம்பாய் மாகாணத்துப் பட்டுத் துணிகளைப் பற்றி எட்வர்ட்ஸ் எழுதியது 1900இல் வந்தது. இதற்கிடையே, 1897இல், ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்திய அவுரி ஏற்றுமதி சில ஆண்டுகளில் சரிந்தது. ஒரு தொழில் உடையத் தொடங்கிய நேரத்தில் அதன் அறிவு அதிகாரிகளின் பெயரில் அச்சேறியது. சொன்னவர்கள் சாதியாகவும் ஊராகவும் தொகுக்கப்பட்டார்கள். எழுதியவர் ஆசிரியர் ஆனார். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழிந்த பின்னும் அடிக்குறிப்புகள் அந்த ஆசிரியரையே சுட்டுகின்றன. இன்றைய விற்பனை அட்டை காலனிய அறிக்கையின் இலக்கணத்தையே பின்பற்றுகிறது. அதிகாரியின் இடத்தில் வடிவமைப்பாளர் அமர்ந்திருக்கிறார் என்பதே வேறுபாடு.

புனேவில் இது நிகழ்வது தனியாக உறுத்த வேண்டும். துணி யாருடையது என்ற வினாவை அரசியல் வினாவாக்கிய நகரம் இது. 1870இல் தொடங்கிய புனே சார்வஜனிக் சபையின் கணேஷ் வாசுதேவ் ஜோஷி 1877 தில்லி தர்பாருக்குக் கைநூற்பு ஆடை அணிந்து சென்றார். 1905 அக்டோபரில் அந்நியத் துணிகள் இந்நகரில் தீயிலிடப்பட்டன. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் பேஷ்வாக்களின் அரசவை பைதனின் பட்டுக்குப் பெரும் வாடிக்கையாளராக இருந்தது. இன்றும் லட்சுமி சாலையின் கடைகளில் பைதனி இல்லாமல் மராட்டியத் திருமணம் இல்லை. இன்னும் நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. பொது விநாயகர் விழாவை 1892இல் தொடங்கியவர்களில் ஒருவராகப் போற்றப்படுபவர் பாவுசாகேப் ரங்காரி. அவருடைய குடும்பப் பெயர் ஜாவளே. 'ரங்காரி' என்றால் மராத்தியில் சாயக்காரர். சாலுச் சேலைகளுக்கு நிறமேற்றுவது அக்குடும்பத்தின் பரம்பரைத் தொழில் என்பதால் அப்பெயர் வந்தது என்பர். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அந்தப் பெயரை உச்சரித்து வணங்குகிறார்கள். தொழிலின் பெயர் தெய்வ ஊர்வலத்தின் பெயராகவே நிலைத்துவிட்ட நகரத்தில், அந்தத் தொழிலைச் செய்பவரின் பெயர் ஒரு விரற்கடை அட்டையில் ஏற மறுக்கிறது.

இதற்கு எதிராக வழக்கமாக வரும் மறுப்புகள் நான்கு. அவற்றைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்ள வேண்டும்.

பெயரின்மையே இந்தியக் கைவினையின் மரபு, கையொப்பம் மேலைநாட்டுத் தனிமனிதவாதம் என்பது முதலாவது. மந்தசோர் கல்வெட்டு இதை மறுக்கிறது. லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று கி.பி. 436ஆம் ஆண்டளவில் அங்கே சூரியனுக்குக் கோயில் எடுத்தது. 473இல் அதைப் புதுப்பித்தபோது வத்ஸபட்டி என்னும் புலவரைக் கொண்டு தன் வரலாற்றைக் கல்லில் பொறிக்கச் செய்தது. குழுவினரில் சிலர் வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் போனதையும், சிலர் தறியிலேயே நின்றதையும் அந்தக் கல் சொல்கிறது. தமிழகத்தில் விஜயநகரக் காலக் கல்வெட்டுகள் கைக்கோளர் பல்லக்குக்கும் சங்குக்கும் உரிமை கோரிப் பெற்றதைப் பதிவுசெய்துள்ளன. இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றிய விஜயா ராமசாமியின் 1985ஆம் ஆண்டு நூல் இத்தகைய சான்றுகளின் மேலேயே எழுந்தது. குழுவாகப் பெயர் பொறிப்பதும் பெயரின்றி இருப்பதும் ஒன்றல்ல. நெசவாளர் தம் பெயரை மறுத்துக்கொண்டதற்கு வரலாற்றில் ஆதாரம் தேடுவோர், அவர்கள் அதைக் கேட்டு வாங்கியதற்கான ஆதாரத்தையே காண்பார்கள்.

ஒரு துணியில் பல கைகள் உண்டு, எல்லாரையும் எப்படிக் குறிப்பது என்பது இரண்டாவது. திரைப்படத்தில் ஒளிவிளக்குப் பிடித்தவரின் பெயர்வரை ஓடுகிறது. ஆறு கெஜப் புடவையில் ஈடுபட்டவர்கள் ஒரு படப்பிடிப்புக் குழுவைவிட அதிகமானவர்களா?

வடிவமைப்பாளர்தான் சந்தையைக் கொண்டுவருகிறார் என்பது மூன்றாவது. இது பெரும்பாலும் உண்மை. தறி நின்றுபோன ஊர்களில் வேலையை மீட்டுத் தந்த வடிவமைப்பாளர்கள் உண்டு. அவர்களின் பெயரை நீக்கும்படி எவரும் கேட்கவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு பெயர்களுக்கு இடம் கேட்கப்படுகிறது. அந்தப் பெயர்கள் வந்தால் வாங்குபவர் அடுத்த முறை நேரே நெசவாளரிடம் போய்விடுவார் என்ற அச்சமே தயக்கத்துக்குக் காரணமானால், அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். அப்போது விவாதம் அழகியலிலிருந்து வணிகத்துக்கு வந்துசேரும். அது இருக்க வேண்டிய இடமும் அதுவே.

நான்காவது மறுப்புதான் வலுவானது. சாயக்காரரின் மரபறிவு 1897க்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் அறுந்துவிட்டது. இன்று இயற்கைச் சாயமிடுவோர் நூல்களிலும் பயிற்சி முகாம்களிலும் கற்றவர்கள். ஆகவே கடன் தீர்க்க மரபுவழிச் சாயக்காரர் எவரும் இல்லை என்கிறது அது. அறுந்தது உண்மைதான். ஆனால் அறுந்த நூலை முடிந்தவர் 'தொன்மை மாறாத மரபு' என்று அட்டையில் எழுதலாகாது. மீட்டுருவாக்கம் என்று எழுத வேண்டும். அதோடு, நூலிலிருந்து கற்ற செய்முறையைத் தன் ஊர்த் தண்ணீரில், தன் ஊர்ப் படிகாரத்தில் மாதக்கணக்கில் சோதித்துச் சரிசெய்த கைகள் இன்றும் யாரோ ஒருவருடையவை. பெரும்பாலும் அவர் நாட்கூலி பெறும் ஒரு பெண். அந்தச் சோதனைக்கு ஆய்வு என்று பெயர். பல்கலைக்கழகத்தில் செய்தால் கட்டுரையாகும். தொட்டியருகே செய்தால் கூலியாகும்.

சட்டமும் முத்திரைகளும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. பட்டு முத்திரை இழை தூய பட்டு என்று உறுதிதருகிறது. கைத்தறி முத்திரை துணி தறியில் கையால் நெய்யப்பட்டது என்று உறுதிதருகிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் பொருளை ஒரு நிலப்பரப்போடு இணைக்கிறது; காஞ்சிபுரம் பட்டும் பைதனியும் அதன்கீழ்ப் பதிவானவை. இழைக்குச் சான்று, கருவிக்குச் சான்று, ஊருக்குச் சான்று. மீண்டும் கருத்தாவுக்கு மட்டும் இடமில்லை.

கல்விப்புலத்தினர் இதை வணிகரின் குற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. மொழியியலில் நெடுங்காலம் மொழியைப் பேசித் தந்தவர் 'தகவலாளி' எனப்பட்டார்; ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரியோடு அவர் கதை முடிந்தது. அந்தச் சொல்லை மாற்றவும், சமூகத்தவரை இணையாசிரியராக ஏற்கவும் அத்துறையில் கடும் விவாதங்கள் நடந்து, ஓரளவு பலனும் கிடைத்தது. துணியாய்வில் அந்த விவாதம் இன்னும் வாசலிலேயே நிற்கிறது. தாவரத்தின் இலத்தீன் பெயரைப் பிழையின்றித் தரும் ஆய்வேடுகள், அந்தச் செடியைத் தொட்டிக்காரர் எந்தப் பெயரால் அழைத்தார் என்பதைப் பதிவதில்லை. அவரது பெயரையும் பதிவதில்லை. இரண்டும் ஒரே இழப்பின் இரு பக்கங்கள்.

சொல் போனால் என்ன போகும் என்பதற்கு நிறப்பெயர்களே விடை. பைதனியின் பழைய நிறப்பெயர்களில் 'போபளி' பாக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த மஞ்சள்; 'ராகூ' கிளியின் பச்சை; 'காளி சந்திரகளா' சிவப்புக் கரையிட்ட கறுப்பு. தமிழில் 'அரக்கு' என்பது இன்று வெறும் நிறப்பெயர். ஒரு காலத்தில் அது பூச்சியின் பிசினிலிருந்து சாயம் இறக்கியவரின் தொழிற்சொல்; பொருள் மாறிய பின்னும் சாயக்காரரின் கைரேகை அதில் இருக்கிறது. இராமநாதபுரக் கரைகளில் தோண்டப்பட்ட 'சாயவேர்' தன் பெயரிலேயே தன் பயனை வைத்திருந்தது. காஞ்சிபுரத்தில் முத்து செட்டியார் உருவாக்கியதாகச் சொல்லப்படும் நீலமோ உடுத்திய இசைவாணியின் பெயரால் 'எம்.எஸ். நீலம்' ஆயிற்று. மதுரையிலும் சேலத்திலும் வாழும் சௌராஷ்டிரர், பட்டுநூல்காரர் என்று தொழிலாலேயே அறியப்பட்டவர்கள். அவர்களது இந்தோ-ஆரிய மொழியின் தறிச் சொற்கள் தறியோடு சேர்ந்து குறைகின்றன. நிறங்கள் எண்களாகவும் ஆங்கிலப் பெயர்களாகவும் மாறும்போது மறைவது அலங்காரம் மட்டுமல்ல. எந்தச் சூட்டில், எந்தப் பருவத்து வேரில், எத்தனை முக்கில் அந்த நிறம் வரும் என்ற வகைப்பாட்டறிவு அந்தச் சொற்களிலேயே சேமிக்கப்பட்டிருந்தது.

ஆகையால் கோரிக்கைகள் எளியவை; நிறைவேற்றப் பெருநிதி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு துணியின் அட்டையிலும் சாயமிட்டவர், நெய்தவர் பெயர்கள், அவர்கள் சம்மதத்தோடு, வடிவமைப்பாளரின் பெயரின் அளவிலேயே அச்சாக வேண்டும். கூட்டாகச் செய்ததாயின் குழுவின் பெயர் வர வேண்டும். ஆய்வேடுகளில் செய்முறையைத் தந்தவர் அடிக்குறிப்பில் மேற்கோள் காட்டத்தக்க ஆசிரியராக இடம்பெற வேண்டும். செய்முறையைச் சோதித்துத் தந்த நாட்களுக்கு ஆய்வு ஊதியம் தரப்பட வேண்டும். தாவரப் பெயரோடு தொட்டியருகே வழங்கும் பெயரும், அவர்கள் மொழியில், பதிய வேண்டும். நெறியாளர்கள் இவை இல்லாத ஏட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். தேர்வாளர்கள் வாய்மொழித் தேர்வில் "இதைச் செய்தவர் பெயர் என்ன?" என்று ஒரு முறையேனும் கேட்க வேண்டும்.

2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். அன்று பல்கலைக்கழக வளாகங்களில் பட்டு உடுத்திப் படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. படத்தின் கீழே எழுதப்படும் வரியில் 'கையால் நெய்தது' என்று இருக்கும். அடுத்த ஆகஸ்ட் 7க்குள் யாரால் என்பதையும் விசாரித்து எழுதத் தொடங்கலாம். விசாரித்துப் பார்த்துக் கடைக்காரருக்கும் தெரியவில்லை என்றால், அதையும் அப்படியே எழுதலாம்.